அளந்து பார்த்த பிறகு

படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே டிரான்ஸ்ஃபார்மர் ஓயாமல் உறுமிக்கொண்டிருந்தது. அதன் காந்தப்புலம் வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்குமோ என்று அவளுக்குப் பயம். வேறு வீடு பார்க்கலாம் என்று கணவனிடம் கெஞ்சிக் கெஞ்சி நாக்கே தேய்ந்துவிட்டது.

"கெடுதல்னு யாரும் நிரூபிக்கலையே. எல்லாம் உன் மனப்பிரமை" என்பான்.

கடைசியில் அவள் நச்சரிப்புத் தாங்காமல், மீட்டரோடு ஓர் எலக்ட்ரீஷியனை அழைத்து வந்தான். அவர் வீடு முழுக்க அளந்துவிட்டுப் படுக்கையறைக்குத் திரும்பினார்.

"இந்த ரூம்ல ரொம்பக் கம்மிதான் சார்."

கணவன் அவளை எகத்தாளமாகப் பார்த்தான்.

"ஆனா முன்னாடி ரூம்லதான் மீட்டர் எகிறுது. கட்டடத்தோட மெயின் கேபிள் அந்தச் சுவருக்குள்ள போகுது. உங்க அம்மா கட்டில் வேற சுவரை ஒட்டிக் கிடக்கு."

அவன் முகம் வெளிறியது. "ஐயையோ! நிரூபிக்கலைன்னா சும்மா இருந்துட முடியுமா? ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிட்டா?"

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்ப வீட்டை மாத்திடலாமாங்க?"

"வீட்டை எதுக்கு? ரூமை மாத்தினா போதும். அம்மா இனிமே இங்க படுக்கட்டும், நாம அங்க போயிடலாம். வா, உன் தலகாணியை எடு."