ஐந்து வருட வாரண்டி

போரில் காணாமல் போனவர்களின் தாய்மார் சொன்னவற்றை மங்களேஸ்வரி ரகசியமாகப் பதிவு செய்துவந்தாள். 2008இல் அவற்றைப் பாதுகாக்க ஹார்ட் டிஸ்க் வாங்க, கட்டுகஸ்தோட்டையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த தம்பி கேதீஸ்வரனிடம் போனாள்.

“இது மலிவு, ஒரு வருச வாரண்டிதான். மற்றது விலை கூட, ஆனா அஞ்சு வருசம். லேசில பழுதாகாது அக்கா.”

விலை கூடியதையே வாங்கினாள்.

அடுத்த மாதமே அது ஓடவில்லை. தம்பி முகம் சுளிக்காமல் புதியது கொடுத்தான்.

“பழசை வச்சிட்டுப் போ அக்கா. அதில இருந்ததை இனி எடுக்கேலாது.”

மங்களேஸ்வரி கடையிலேயே அழுதாள்.

மறுவாரம் அவளை விசாரணைக்கு அழைத்த அதிகாரி கம்ப்யூட்டரை இயக்கினார். அவள் பதிந்த தாயொருத்தியின் குரல் தெளிவாகக் கேட்டது.

“இது எப்படி உங்களிட்ட வந்தது?”

“பழுதான டிஸ்கை உங்கட தம்பிதான் திருத்தித் தந்தார்.”

பதிவில் அந்தத் தாய் தன் பெயரையும் ஊரையும் சொல்லத் தொடங்கினாள்.