மூன்று சட்டைகள்

மலிவு விமான டிக்கெட் என்பதால் ஊர் திரும்பும் வழியில் பத்தொன்பது மணி நேரம் காத்திருக்க வேண்டும். பெட்டி எடை கூடினால் தனியாகப் பணம் பிடுங்குவார்கள். அதனால் எப்போதும்போல மூன்று சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டிருந்தேன். பை வாரைக் காலில் சுற்றிக்கொண்டு மனைவியைக் கூப்பிட்டேன்.

"இன்னும் ஏர்போர்ட்லதான் கிடக்கேன். நாளைக்குத்தான் வருவேன்."

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"விளையாடாதீங்க. காலையிலேயே வந்துட்டீங்களே. புழுக்கமா இருக்குன்னு உள் ரூம்ல சட்டையக் கழட்டிக்கிட்டிருக்கீங்க. பாப்பா மடிச்சு வைக்கிறா."

"மூணு சட்டையக் கழட்ட எவ்வளவு நேரம்டி ஆகும்?"

போனில் அறைக்கதவு திறக்கும் சத்தம். தொடர்ந்து என் மகளின் சிரிப்பு.

"நாப்பத்தொண்ணாவது சட்டை! அப்பா, நீ ஒல்லியாகிக்கிட்டே வர்ற!"