இருட்டுக்குள் ஒரு விசாரிப்பு

"உள்ள போனா திரும்பி வர முடியுமா மச்சான்?"

டிரைவிங் ஸ்கூல்காரர் மடிக்கணினியை விட்டு இரண்டடி தள்ளியே உட்கார்ந்திருந்தார். காலமெல்லாம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிரேக் போட்டே பழகியவர். இப்போதும் வலது கால் மேஜைக்கடியில் எதையோ தேடிக்கொண்டிருந்தது.

"சொன்னபடி கேட்டா வரலாம் அத்தான்" என்றான் மச்சான். மொபைல் கடை வைத்திருப்பவன். கேமராவின் மேல் பிளாஸ்திரி ஒட்டினான். அவருடைய போனை வாங்கி அணைத்து வைத்தான். "உண்மைப் பேரைச் சொல்லக் கூடாது. எதையும் டவுன்லோட் பண்ணக் கூடாது. லைன்ல இருக்கும்போது எந்திரிச்சுப் போகக் கூடாது."

"போனா?"

"வீட்டைத் திறந்து போட்டுட்டு ஊருக்குப் போன மாதிரிதான்."

அவர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் பின்னால் இழுத்தார். ஆனால் கழுத்து மட்டும் தானாக முன்னால் நீண்டது. அப்படி என்னதான் இருக்கிறது உள்ளே?

மகள் விரும்பிய பையனுக்கு வேலையே இன்டர்நெட்டின் இருட்டுப் பக்கமான டார்க் வெப்பில்தானாம். "நாள் பூரா திருடனுங்க நடுவுல இருக்கிறவனுக்கா என் பொண்ணு? பன்னியோட சேர்ந்த கன்னுக்குட்டி என்ன தின்னும்னு எனக்குத் தெரியாதா?" என்று ஒரேயடியாக மறுத்துவிட்டார். திருடர்களைப் பிடிக்கிற கம்பெனிதான் அது என்று மகள் அழுதாள். அவர் நம்பவில்லை. நேற்றிலிருந்து அவள் சாப்பிடாமல் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறாள்.

பையன் வேலை பார்க்கிற இடத்தில் விசாரிக்காமல் யாராவது பெண் கொடுப்பார்களா? அந்த இடத்துக்கே போய் விசாரித்துவிடலாம் என்று மச்சான்தான் யோசனை சொன்னான்.

"அந்தக் கருமத்தை எதுக்கு நடு வீட்டுல திறக்கிறீங்க?" சமையலறையிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள். "பையன் வேணாம்னா வேணாம்னு விட்டுத் தொலைங்களேன்."

"நீ உன் வேலையைப் பாரு. உனக்கு இதெல்லாம் புரியாது."

திரை முழுக்கக் கறுத்தது. பச்சை எழுத்தில் ஒரு வரி வந்தது: யார் நீ?

"மச்சான், கேக்கிறான். தமிழ்லயே கேக்கிறானே?"

"திருடனுக்கு எல்லா பாஷையும் தெரியும். டிரைவர்னு போடுங்க."

ஒற்றை விரலால் குத்திக் குத்தி அடித்தார். டிரைவர். ஒரு பையனைப் பற்றி விசாரிக்க வேண்டும். உயரமாக, கண்ணாடி போட்டிருப்பான்.

"இங்க யாருக்கும் யார் மூஞ்சியும் தெரியாது அத்தான். கம்பெனியைச் சொல்லுங்க."

சொன்னார். பதிலே இல்லை. சமையலறையில் குக்கர் விசில் மேல் விசில் அடித்தது. "அடியே, அதை அணையேன்" என்று அவர் எழப் போக, மச்சான் தோளைப் பிடித்து அமுக்கினான். "லைன்ல இருக்கோம்."

பச்சை எழுத்து வந்தது: அவனா? அவன் பேச்சையே எடுக்காதே. எங்க பிழைப்புல மண்ணை அள்ளிப் போட்டவன்.

டிரைவிங் ஸ்கூல்காரர் நாற்காலியை மேஜையோடு ஒட்டிப் போட்டுக்கொண்டார். என்ன செய்தான் என்று கேட்டார்.

அடுத்த வரி வந்தது: ஊர்க்காரங்க பணத்தை எடுக்க ஒரு வழி பார்த்து வச்சிருந்தோம். மோப்பம் பிடிச்சு அடைச்சிட்டான். பங்கு தர்றோம்னு சொன்னா மூஞ்சியில துப்புறான்.

"மூஞ்சியே தெரியாதுன்னு சொன்னே?"

"ஒரு பேச்சுக்குச் சொல்றான் அத்தான்."

குடி உண்டா என்று அடித்தார். அதெல்லாம் திருடனுக்கு எப்படித் தெரியும் என்று மச்சான் தடுப்பதற்குள் பதில் ஓடி வந்துவிட்டது: டீ கூடக் குடிக்க மாட்டான். சாயங்காலம் ஆனா அம்மாகிட்ட பேசணும்னு கிளம்பிடுவான். அப்பத்தான் எங்களுக்கு மூச்சு வரும்.

அவர் திரையில் விரல் வைத்து அதை இன்னொரு முறை படித்தார்.

"கல்யாண விஷயத்துல எல்லாரும் பூசி மெழுகுவாங்க மச்சான். நல்லவங்க நாலு பேர் நல்லவன்னு சொன்னா நான் நம்பியிருக்க மாட்டேன். ஒரு திருடன் இப்படி வயிறெரிஞ்சு திட்டுறான்னா, அவன் தங்கம்." மகளின் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார். "பாவம், புள்ளைய அழ வச்சுட்டேன்."

எழுந்து போய் மகளின் கதவைத் தட்டினார். "கண்ணு, அவங்க வீட்டுல இருந்து வரச் சொல்லும்மா. அப்பா விசாரிச்சுட்டேன்."

கதவு திறந்தது. தூங்கி எழுந்த வீங்கிய கண்ணோடு நின்ற மகள், ஒன்றும் விளங்காமல் அவரையே பார்த்தாள். அடுத்த நொடி அவர் தோளில் சாய்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள்.

கடையில் உட்கார்ந்து தானே தயாரித்துக் கொண்டுவந்த அந்தக் கறுப்புப் பக்கத்தை அழித்துவிட்டு, மச்சான் மெல்ல சமையலறைக்குள் நுழைந்தான்.

வியர்வை வழிய, கையில் போனோடு நின்றிருந்த அக்கா ரகசியமாகக் கேட்டாள்: "ஏண்டா தம்பி, நான் எழுதினது அசல் திருடன் எழுதின மாதிரியே இருந்துச்சா?"