வலது கண்

அண்ணன் வாங்கி வைத்திருந்த விரலளவு போர்வீரர் பொம்மைகளுக்கு, அவன் இறந்த பிறகு தங்கைதான் வண்ணம் தீட்டத் தொடங்கினாள். சட்டையும் தொப்பியும் ஒருவழியாகத் தேறின. கண்தான் கைக்கு வசப்படவில்லை. வைத்த புள்ளியெல்லாம் கன்னத்துக்கு வழிந்தது. அலுத்துப்போய், துடைத்துவிட்டு, அண்ணியோடு டீ குடிக்கப் போனாள்.

திரும்பி வந்தபோது ஒரு வீரனுக்கு இடது கண் மட்டும் கச்சிதமாக இருந்தது. வண்ணம் இன்னும் காயவில்லை. வீட்டில் வேறு யாரும் இல்லை.

"அண்ணி, இங்க வாங்களேன்!"

அண்ணி குனிந்து வெகுநேரம் பார்த்தாள். "உங்கண்ணன் எப்பவும் இடது கண்ணைத்தான் முதல்ல வைப்பாரு. வலது கண்ணுக்குப் போறதுக்குள்ள நாம சாப்பிடக் கூப்பிட்டுடுவோம். 'ரெண்டு நிமிஷம் விடுங்கடி'ன்னு கத்துவாரு."

இருவருக்கும் சிரிப்பு வந்தது. அண்ணி பிரஷ்ஷைக் கறுப்பில் தோய்த்து மேசைமேல் வைத்தாள்.

"வா, அடுப்படிக்குப் போவோம். இன்னிக்கு கூப்பிட வேண்டாம்."