உப்புக் கொட்டகைக் காவல்

"யாரைக் கேட்டு இந்த வீட்டுல செவப்புக் கோடு போட்ட?"

நடராசன் போட்ட சத்தத்தில் சத்யப்ரியா பெயின்ட் டப்பாவைக் கீழே வைத்தாள். மலைச்சரிவு ஆபத்தைக் கணக்கெடுத்து, காலி செய்ய வேண்டிய வீடுகளில் சிவப்புக் கோடு போட வந்த அரசு ஆள் அவள்.

"சார், போன வாரமே வந்து பாத்துட்டுப் போனேன். பாறைக்கு அடியில மண்ணு கரைஞ்சிருக்குது. இன்னொரு பெரிய மழை தாங்காது. திண்டிவனத்துக்கு அந்தாண்ட மாத்து இடம் குடுக்கச் சொல்லி எழுதப் போறேன்."

"எழுதுவ. போன வருஷம் கடல் வந்துச்சே, அப்ப எங்க போயிருந்தீங்க? இப்ப மலை வருதுன்னு கெளம்பிட்டீங்க. அவ்ளோ தூரம் போயிட்டா இவங்க உப்பளத்துக்கு எப்பிடி வருவாங்க, பறந்தா?"

சுற்றி நின்ற கூட்டம் சிரித்தது. நடராசனுக்கு மரக்காணத்தில் உப்பளம். பெருமுக்கல் மலையடியில் இந்த ஒரு வரிசை வீடுகளிலும் இருப்பது அவருடைய ஆட்கள்தான். வேலைக்குப் போவதும் வருவதும் அவர் டிராக்டரில்.

திரௌபதி சிரிக்கவில்லை. பாறைக்கு நேர் கீழே அவள் வீடு. அவளுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள்.

"முதலாளி, அது சொல்றது நெசமா இருந்தா?"

"ஏம்மா, சுனாமியில என் உப்பு மொத்தமும் போச்சு. அதுக்கப்புறம் வெளைஞ்சதை எங்க கொண்டாந்து வச்சேன்? உன் வீட்டாண்ட இருக்குதே கொட்டகை, அதுல. மலை விழும்னா அங்க வைப்பேனா? நான் என்ன கிறுக்கனா?"

ஒருவன் சுண்ணாம்பு கொண்டுவந்து சிவப்புக் கோட்டை அழித்தான்.

போகும்போது சத்யப்ரியா திரௌபதியிடம் மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, மழை புடிச்சா புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு வெளிய போயிடுங்க."

"உன் வேலையைப் பாத்துக்கிட்டுப் போம்மா."

முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரமே மழை பிடித்தது. மத்தியானம் மேலிருந்து சின்னக் கற்கள் உருண்டு வந்து சுவரில் மோதின. பிள்ளைகள் அலறின.

"அழாதீங்கடா. முதலாளி உப்பே இங்கதான் இருக்குது. நமக்கு என்ன?"

சொல்லிவிட்டாளே தவிர, வீட்டில் நிற்கவில்லை. கொட்டகை செங்கல் சுவராச்சே என்று பிள்ளைகளை இழுத்துக்கொண்டு அங்கே ஓடினாள். காவல்காரன் முருகையன் வாசலில் பீடி குடித்துக்கொண்டிருந்தான்.

திரௌபதி கதவடியைப் பார்த்தாள். மழைக்காலத்தில் உப்பு ஈரம் குடித்துக் கசியும். கதவடியில் வழிந்து வாசலெல்லாம் பிசுபிசுக்கும். உப்பில் வேலை செய்கிற எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

கதவடி காய்ந்து கிடந்தது.

"அண்ணே, கதவைத் தெற."

"முதலாளி திட்டுவாரு."

"தெறக்கிறியா, ஒடைக்கட்டுமா?"

திறந்தான். உள்ளே ஒரு கல் உப்பு இல்லை.

"எப்ப எடுத்தாரு?"

"அந்தப் பொண்ணு மொதத் தடவை வந்து பாறையைப் பாத்துட்டுப் போச்சே, அதுக்கு மறுநாளு. உங்களையெல்லாம் வரப்பு கட்ட டிராக்டர்ல ஏத்திக்கிட்டுப் போனாரு இல்ல? இங்க வெளியூர் லாரி வந்துச்சு."

"அப்ப காலிக் கொட்டகைக்கு நீ எதுக்குய்யா காவல்?"

முருகையன் பீடியை மழையில் எறிந்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"உள்ள உப்பு இருக்குதுன்னு நீங்க நம்பணுமில்ல."