அடியில் சில புள்ளிகள்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருபது நிமிடம். விடிந்ததிலிருந்து விட்டுவிட்டுப் பெய்த தூறல் அப்போதுதான் ஓய்ந்திருந்தது.

நூலகர் அந்தப் புத்தகத்தை மேசைமேல் விரித்து வைத்தார். மறதி நோயாளிகளைப் பராமரிப்பது பற்றிய புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை.

"இது யாரோட கைவரிசை?"

எதிரே நின்ற அம்மாள் நனைந்த குடையைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"என்னோடதுதான். கையெழுத்து நல்லா இருக்கில்ல?"

முப்பத்தைந்து வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவர். வேலை ஓய்ந்தும் கை ஓயவில்லை. நூலகருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வாசகர்கள் இந்த நூலகரை முதுகுக்குப் பின்னால் 'உஷ் மேடம்' என்பார்கள். யார் வாயைத் திறந்தாலும், இரண்டாவது வார்த்தை வருவதற்குள் இவருடைய விரல் உதட்டுக்குப் போய்விடும்.

"நூலகப் புத்தகத்துல கிறுக்கக் கூடாதுன்னு தெரியாதா உங்களுக்கு?"

"கிறுக்கலம்மா. திருத்தியிருக்கேன்."

"அச்சுப் பிழையா?"

"அதுல ஒண்ணுகூட இல்ல. பிழையெல்லாம் விஷயத்துல."

நூலகர் ஒரு பக்கத்தைப் பார்த்தார். 'சுற்றி நடப்பது நோயாளிக்குப் புரிவதில்லை' என்ற வரி அடிக்கப்பட்டிருந்தது. ஓரத்தில்: 'புரிகிறது. சொல் வர நேரமாகிறது. காத்திருக்கவும்.'

அடுத்த பக்கத்தில் 'குளிக்க மறுத்து முரண்டு பிடிப்பார்' என்ற வரியின் பக்கத்தில்: 'முரண்டு அல்ல, பயம். முதல் குவளையை உள்ளங்கையில் ஊற்றவும்.'

"இது என்ன, வரியை அடிச்சுட்டு அடியில புள்ளி புள்ளியா?"

"'காரணமில்லாமல் கோபப்படுவார்'னு போட்டிருந்தது. கோபத்துல அடிச்சுட்டேன். அப்புறம் யோசிச்சா, அடிச்சது தப்பு. அடியில புள்ளி வெச்சா, 'இருக்கட்டும்'னு அர்த்தம். அச்சகத்துப் பாஷை."

"இதை எழுதினவர் பெரிய டாக்டர்."

"இருக்கட்டுமே. அவர் வாசல்ல நின்னு எழுதியிருக்கார். நான் உள்ளேயிருந்து சொல்றேன்."

நூலகரின் குரல் ஒரு படி இறங்கியது. "வீட்டுல யாருக்கு? வீட்டுக்காரருக்கா?"

"அவர் போய் எட்டு வருஷமாச்சு."

"அப்போ மாமியாருக்கா?"

"இந்த வயசுல எனக்கு மாமியாரா! நல்லா கேட்டீங்க போங்க."

இரங்கியது போதுமென்று நூலகர் நிமிர்ந்துகொண்டார்.

"யாரா இருந்தாலும் விதி விதிதான். நேத்தே ஒரு பேருந்து ஓட்டுநர் இதைக் கொண்டுவந்து புகார் சொல்லிட்டுப் போயிருக்கார். பென்சில்ல எழுதியிருந்தாலாவது அழிச்சிருப்பேன்."

"அதனாலதான் மையில எழுதினேன். அழியறதெல்லாம் அழிஞ்சிட்டேதான் இருக்கு. இதாவது நிக்கட்டும்."

"மன்னிப்புக் கடிதம் குடுங்க. விட்டுடறேன்."

"மாட்டேன். அதுல ஒரு எழுத்தைக்கூட நான் திரும்ப வாங்கமாட்டேன்."

அதற்குமேல் நூலகருக்குப் பொறுமையில்லை. பதிவேட்டைப் பிரித்து, அளவுகோலை வைத்து, அம்மாளின் பெயர்மேல் நேராக ஒரு கோடு இழுத்தார்.

"உறுப்பினர் அட்டையைக் குடுத்துட்டுப் போங்க."

அம்மாள் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"அதைத் தரமாட்டேன். எனக்கு வேணும்."

"புத்தகமே கிடையாதுங்கறேன். வெறும் அட்டையை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?"

"அதுல என் விலாசம் இருக்கு."

இதென்ன பதில் என்று நூலகர் விழித்தபோது, சீருடையோடு உள்ளே வந்தார் அந்தப் பேருந்து ஓட்டுநர்.

"மேடம், நேத்து அந்தப் புத்தகத்துல யாரோ..."

விரல் உதட்டுக்குப் போயிற்று. "உஷ். நடவடிக்கை எடுத்தாச்சு."

"ஐயோ மேடம், நேத்தும் இதே 'உஷ்'தான்! நான் இன்னும் பேச்சையே முடிக்கல. சிவப்பு மையில எழுதினவங்க வேற எந்தப் புத்தகத்துலயாவது எழுதியிருக்காங்களான்னுதான் கேட்க வந்தேன்!"

நூலகரின் விரல் அந்தரத்தில் நின்றது.

"மூணு மாசமா எங்கப்பா மேல ஒரு சொட்டுத் தண்ணி பட விடல. அடிதடிதான் தினமும். போன வாரம் உள்ளங்கையில ஊத்தினேன். கொஞ்ச நேரம் தண்ணியையே பார்த்தார். அப்புறம் தானா தலையைக் குனிஞ்சு காட்டறார் மேடம்!" அவர் அம்மாளின் பக்கம் திரும்பினார். "நீங்களாம்மா எழுதினது? உங்க வீட்டுல யாரைப் பார்த்துக்கறீங்க?"

அம்மாள் கைப்பையிலிருந்து உறுப்பினர் அட்டையை எடுத்து, அதிலிருந்த தன் புகைப்படம் தெரிய இருவர் முன்னும் நீட்டினார்.

"இவளைத்தான்."

மறுநாள் காலை ஓட்டுநர், தந்தையின் உள்ளங்கையில் முதல் குவளையை ஊற்றிவிட்டு வேலைக்குக் கிளம்பினார். நூலகர் அரை மணி நேரம் முன்னதாகவே வந்து பதிவேட்டைப் பிரித்து, தாம் அடித்த பெயருக்கு அடியில் வரிசையாகப் புள்ளிகள் வைத்தார்.

கதவு திறந்ததும் அம்மாள் வந்து நின்றார்.

"எனக்கு... அந்த... வந்து..."

சொல் வரவில்லை. நூலகரின் விரல் உயரவில்லை. ஒரு நிமிடம் முழுதாகப் போயிற்று. நூலகர் காத்திருந்தார்.

"ஆங். சிவப்புப் பேனா! என்னோடது தீர்ந்துபோச்சு. உங்ககிட்ட இருக்கா?"