அசையாத மேகம்

"என்ற செடியெல்லாம் கருகிப்போச்சு! உன்ற பொட்டி ராத்திரி பூரா என்னப்பா பண்ணிட்டிருந்துச்சு?"

அஸ்வந்த் வண்டியை விட்டு இறங்கக்கூட இல்லை, அதற்குள் மருதாம்பாள் பிடித்துக்கொண்டாள். அவள் நீட்டிய தேயிலைத் தளிர் தொட்டதும் பொடிந்தது. ஜெகதளாவில் வீட்டை ஒட்டி அவள் புதிதாக நட்ட கன்றுகள். போன கோடையில் மோட்டார் பழுதானபோது குடத்தில் சுமந்து ஊற்றி வளர்த்தவை. வரும் சித்திரையில்தான் முதல் கொழுந்து கிள்ளுவதாக இருந்தாள். ஒரே இரவில் உறைபனி அத்தனையையும் தின்றுவிட்டது.

ஆராய்ச்சி மாணவனான அஸ்வந்த், மேகங்களை அளக்க அவள் வீட்டு மொட்டை மாடியில் பெட்டி போன்ற ஒரு கேமரா வைத்திருந்தான். வெப்பத்தைப் படம் பிடிக்கும் கேமரா. வானம் வெறிச்சென்று கிடந்தால் படத்தில் கறுப்பாகத் தெரியும். மேகம் வெதுவெதுப்பானது, வெள்ளையாகத் தெரியும். படம் கறுத்தால் உறைபனி வரும், உடனே போன் செய்கிறேன் என்று சொல்லியிருந்தான். செய்யவில்லை.

"குன்னூர் ரூம்ல கம்ப்யூட்டர் முன்னாடியேதான் உக்காந்திருந்தேனுங்க அக்கா. நீங்களே பாருங்க." லேப்டாப்பைத் திறந்தான். திரை முழுக்க வெள்ளை. "ராத்திரி பூரா மேகமுங்க. துளி இடைவெளி இல்லீங்க."

"எங்கீங்க தம்பி மேகம்?" என்றார் அவள் கணவர் மாரப்பன். "குளிர்ல எனக்குத் தூக்கமே வரலீங்க. வெளிய வந்து பார்த்தா வானம் பூரா நட்சத்திரம். தண்ணி தெளிச்சாச் செடி தப்பிக்கும், மோட்டாரைப் போடட்டுமான்னு கேட்டேன். இவதான் விடல."

"ஆமா, விடல! பொட்டி பாத்துக்கும், பேசாம படுங்கன்னேன். நம்புனேன் பாரு, என்னைச் சொல்லோணும்!" குரல் உடைந்தது. அழுகை வருகிறதே என்று அவளுக்கு இன்னும் கோபம் வந்தது.

அஸ்வந்த் திரையையே வெறித்தான். "எனக்கே புரியலீங்க அக்கா. சாயந்தரம் திடீர்னு வந்து மூடுன மேகம், இம்மி அசையல. விடிஞ்சதும் பட்டுனு காணோம். இப்படியொரு மேகத்தை நான் பார்த்ததே இல்லீங்க."

"பொய் பேசாதே! ஒண்ணுக்கும் ஆகாத பொட்டியக் கொண்டாந்து என்ற தலையில கட்டிட்டு, மேகமாம் மேகம்!" மருதாம்பாளுக்கு மேல்மூச்சு வாங்கியது. "நானா அதைக் கவனிக்காம உட்டேன்? பனியில கெட்டுப்போயிருமேன்னு, இந்த மனுசன் போர்த்துற கம்பளியப் புடுங்கிக் கொண்டுபோயி விடிய விடிய அதுக்குப் போர்த்தி உட்டேனே! அந்த நன்றியாச்சும் வேண்டாமா அந்தப் பொட்டிக்கு?"